கென்னடியின் மகனைக் கொன்றது சாபமா?

கேள்வி: அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன், தானே ஓட்டிப்போன சிறிய விமானம் கடலில் விழுந்து இறந்ததை யூடியூபில் பார்த்தேன். அந்தக் குடும்பத்துக்கு ஒரு சாபம் உண்டாம். என் தங்கையின் மகனுக்கு விமானியாக வேண்டும் என்று ஆசை. அவனுடைய சாதகத்தில் ஆகாயத்தில் கண்டம் இருப்பதாகச் சாத்திரியார் சொல்கிறார். விதியை யாரால் வெல்ல முடியும்? பிள்ளையைத் தடுப்பதுதானே நல்லது?
(வாசகி ஒருவர், களுவாஞ்சிகுடி)

பதில்: தடுக்காதீர்கள். ஆனால் அந்த விபத்தில் உண்மையாக என்ன நடந்தது என்பதை நீங்களும் அவனும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். சாபம் என்று முடிவு கட்டிவிட்டால் அதற்குமேல் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். நல்ல காலம், விசாரித்தவர்கள் அப்படி விட்டுவிடவில்லை.

1999 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. ஜனாதிபதியின் மகன் ஜான் கென்னடிக்கு அப்போது 38 வயது. மனைவி கரோலினையும் அவருடைய அக்கா லோரனையும் ஏற்றிக்கொண்டு நியூஜெர்சியிலிருந்து புறப்பட்டார். லோரனை மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் இறக்கிவிட்டு, உறவுக்காரப் பெண்ணின் கலியாணத்துக்குப் போக வேண்டும். கலியாணம் அடுத்த நாள். விமானம் எழும்பியது இரவு 8.38க்கு. சூரியன் ஏற்கெனவே மறைந்துவிட்டது. மழையோ இடியோ இல்லை. வானத்தில் பார்வையை மங்கவைக்கும் வெறும் புகார்தான். சட்டப்படி பறக்கத் தடையில்லாத அளவு பார்வைத் தூரம் இருந்தது. ஆனால் அன்றிரவு அதே கடலுக்கு மேலே பறந்த வேறு விமானிகள், அடிவானமே தெரியவில்லை என்று பிறகு சொன்னார்கள். தீவின் விளக்குகளே தெரியாததால், அங்கே மின்சாரம் போய்விட்டதோ என்று ஒருவர் நினைத்திருக்கிறார்.

கென்னடி ஏறக்குறைய 310 மணிநேரம் பறந்தவர். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்குத் தனித் தகுதி வேண்டும். அது அவரிடம் இல்லை, அந்தப் பயிற்சியில் பாதிவழியில்தான் இருந்தார். கூட வருவதாக ஒரு பயிற்சியாளர் கேட்டிருக்கிறார். தனியாகவே போகிறேன் என்று சொல்லிவிட்டார். இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். அந்த ஒரு பதில் வேறாக இருந்திருந்தால் மூன்று உயிர் மிஞ்சியிருக்கக்கூடும்.

புகாரில் பார்வை மறைந்தால் ஏன் நேராகப் போய்க்கொண்டிருக்க முடியாது? வீட்டில் சுழல்கதிரை இருந்தால் தம்பியை அதில் இருத்தி, கண்ணைக் கட்டி, மெதுவாக ஒரே வேகத்தில் சுற்றிப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் 'நின்றுவிட்டது' என்பான், கதிரை சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பிறகு நிறுத்துங்கள். இப்போது எதிர்ப்பக்கம் சுற்றுவதாகச் சொல்வான். உள்காதில் அரைவட்டக் குழாய்களில் ஒரு திரவம் இருக்கிறது. திரும்பத் தொடங்கும்போது அது பின்தங்கும், அதை வைத்துத்தான் மூளை திரும்புவதை அறிகிறது. ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டிருந்தால் திரவமும் அந்த வேகத்தைப் பிடித்துவிடும். அப்புறம் காதுக்கு எதுவும் தெரியாது. விமானம் சரிந்து திரும்பும், ஓட்டுகிறவருக்கோ நேராகப் போவதுபோலவே இருக்கும். சரிசெய்யப் போனால்தான் தவறாகத் திரும்புவதுபோல் தோன்றும். விமானத்தின் மூக்கு கீழே இறங்குகிறதே என்று பிடியை இழுத்தால் சுழல் இன்னும் இறுகும்.

கென்னடியின் விமானமும் அப்படித்தான் போனது. தீவை நெருங்கும் நேரத்தில் வலப்பக்கம் திரும்பியது, திருப்பம் இறுகியது. ராடாரில் கடைசியாகப் பதிவானபோது நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் அதிகமான வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இயந்திரத்தில் கோளாறு எதையும் காணவில்லை. இருளிலும் புகாரிலும் திசைநிலை குழம்பி விமானி கட்டுப்பாட்டை இழந்தார் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2000ஆம் ஆண்டு அறிக்கை கொடுத்தது.

இது கென்னடி குடும்பத்துக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 1954இல் இலினோய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பறப்புப் பழக்கமில்லாத 20 பேரை வெளியே பார்க்க முடியாதபடி செய்து பறக்கவிட்டார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி 178 வினாடி, மூன்று நிமிடம்கூட இல்லை. குன்னூரில் 2021 டிசம்பர் 8ஆம் திகதி இந்திய முப்படைத் தளபதி பிபின் ராவத் போன ஹெலிகொப்டர் விழுந்து, அதிலிருந்த 14 பேரும் இறந்தார்கள். சதி என்று எத்தனை பேர் அடித்துச் சொன்னார்கள்! விசாரணையில் வந்தது முகிலும் விமானியின் திசைக்குழப்பமும். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் இறந்த ஹெலிகொப்டர் விபத்தில் விமானி பல வருட அனுபவசாலி, கருவிப் பறப்புத் தகுதியும் உள்ளவர். 'மேலே ஏறுகிறேன்' என்று அவர் வானொலியில் சொன்ன நேரத்தில் ஹெலிகொப்டர் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஆகவே தகுதிப் பத்திரம் ஒன்றே போதும் என்றும் நான் சொல்லவில்லை.

மார்கழி, தை விடியலில் மட்டக்களப்பின் படுவான்கரை வயல்வெளியில் புகார் இறங்கினால், வவுணதீவுப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போகிறவர் வேகத்தைக் குறைப்பார், முடியாவிட்டால் ஓரமாக நிறுத்துவார். ஆகாயத்தில் நிறுத்த ஓரம் கிடையாது. அதனால் போவதா வேண்டாமா என்ற முடிவைத் தரையிலேயே எடுத்தாக வேண்டும். சாத்திரியார் கண்டம் என்று சொல்வது பிறந்த நேரத்தை வைத்து. இந்த விபத்துகள் எல்லாம் புறப்படும் நேரத்திலும், திரும்பிவிடலாமா என்று யோசிக்கும் நேரத்திலும் முடிவாகின்றன. அங்கே மனிதனுக்கு இடமிருக்கிறது.

இரத்மலானையிலோ வேறெங்கோ பயிற்சிக்குச் சேர்ப்பதற்கு முன், தங்கையையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்: கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்க எத்தனை மணிநேரம் பழக்குவீர்கள்? காலநிலை சரியில்லை என்று மாணவன் பறக்க மறுத்தால் காசு கழிப்பீர்களா, கண்டிப்பீர்களா? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். அவன் விமானியான பிறகு, வீட்டில் ஒரு கலியாணத்துக்கு எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'புகாராக் கிடக்கு பெரியம்மா, நாளைக்கு வாறன்' என்று ஒரு நாள் போன் எடுப்பான். அன்றைக்கு அவனைக் குறை சொல்லாதீர்கள், வீட்டில் வேறு யாரையும் சொல்ல விடவும் வேண்டாம்.