வயதான ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் தளர்ந்துவருகிறார் என்பதை முதலில் எது காட்டிக்கொடுக்கும்?

1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் இறங்கியபோது, கல்லூரி மாணவனாக இருந்த நான், காசிமேட்டில் எனக்குக் குத்துச்சண்டை கற்றுத்தந்த வாத்தியாருடன் மேடையிலிருந்து வெகு தொலைவில் உட்கார்ந்திருந்தேன். முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் வந்திருந்ததால், கூட்டத்தில் எத்தனை பேர் யாரைப் பார்க்க வந்தார்கள் என்பது வேறு கணக்கு. நான் அலியின் முகத்தையும் கையையும் பார்த்துக்கொண்டிருக்க, வாத்தியார் என் தொடையில் தட்டி, "மூஞ்சியப் பாக்காதடா, காலப் பாரு" என்றார். சற்று நேரம் கழித்து அவரே, "ஆளு நின்னுட்டாரு" என்றார். காட்சிப் போட்டிதானே, எதற்கு ஓடியாட வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள விடை அவருடைய அந்த இரண்டு சொற்கள்தாம்.

குத்தின் வலிமை கடைசியாகத்தான் போகும். கால் முதலில் போகும். ஆனால் எல்லோருக்கும் இது ஒரே அளவில் கேடு செய்வதில்லை. அலி இளமையில் கைகளைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, வருகிற குத்துக்கு ஓர் அங்குலம் தலையைப் பின்னுக்கு இழுத்துத் தப்பியவர். எந்த வாத்தியாரும் மாணவனுக்குச் சொல்லித்தராத முறை அது. படையில் சேர மறுத்ததற்காக 1967 முதல் 1970 அக்டோபர் வரை, இருபத்தைந்து வயதிலிருந்து இருபத்தெட்டு வரை, மேடையேற முடியாமல் இருந்துவிட்டுத் திரும்பியபோதே அந்த ஓட்டம் குறைந்திருந்தது. பாதுகாப்பு முழுவதையும் காலிடமும் கண்ணிடமும் ஒப்படைத்திருந்தவருக்கு அவை தளர்ந்த பிறகு ஒதுங்க இடமில்லை. அடியை வாங்கித்தான் ஆக வேண்டும். 1974-இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில், மேடையைச் சுற்றிக் கட்டிய கயிற்றில் சாய்ந்து நின்று ஜார்ஜ் ஃபோர்மேனைக் களைக்கவைத்து வீழ்த்தியதை உலகமே தந்திரம் என்று கொண்டாடியது. தந்திரம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் ஓட முடிந்தவர் எதற்காகக் கயிற்றில் சாய வேண்டும்?

தளர்ச்சியைத் தோல்விகளில் தேடாதீர்கள்; அது வெற்றிகளுக்குள் ஒளிந்திருக்கும். 1975-இல் மணிலாவில் ஜோ ஃபிரேசியருடன் பதினான்கு சுற்றுகள் மோதியது, 1976-இல் கென் நார்ட்டனை வென்றதாக நடுவர்கள் அளித்த, பலர் இன்றும் ஏற்றுக்கொள்ளாத தீர்ப்பு, 1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸின் குத்துகளைப் பதினைந்து சுற்றுகள் தாங்கிப் பெற்ற வெற்றி ஆகிய மூன்றும் ஏட்டில் வெற்றிகளே. ஷேவர்ஸ் போட்டிக்குப் பிறகு, நெடுங்காலம் அலியின் மருத்துவராக இருந்த ஃபெர்டி பச்சேகோ, சிறுநீரகம் பழுதடைவதைக் காட்டும் ஆய்வறிக்கையை அலிக்கும் அவரைச் சுற்றியிருந்தோருக்கும் அனுப்பினார்; பதில் வராததால் விலகிக்கொண்டார். அந்தப் போட்டியை நடத்திய நியூயார்க் அரங்கமான மேடிசன் ஸ்குவேர் கார்டனில் போட்டிகளை ஏற்பாடு செய்த டெடி பிரென்னர், இனி அலியின் போட்டி அங்கே கிடையாது என்று வெளிப்படையாகவே அறிவித்தார். அலி ஒதுங்கவில்லை. ஐந்தே மாதங்களில், 1978 பிப்ரவரியில், தொழில்முறையில் ஏழு போட்டிகள் மட்டுமே ஆடியிருந்த லியோன் ஸ்பின்க்ஸிடம் பட்டத்தை இழந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அதை மீட்டதும் பழைய பேச்சுகளை எல்லோரும் மறந்துபோனார்கள்.

ஃபோர்மேன் நாற்பத்தைந்து வயதில், 1994-இல், மைக்கேல் மூரரை வீழ்த்திப் பட்டம் பெற்றாரே என்று நீங்கள் கேட்கலாம். அவர் என்றுமே ஓடி ஆடியவர் அல்லர். இரு கைகளையும் முகத்துக்கு முன் குறுக்கே வைத்துக்கொண்டு, ஒன்பது சுற்றுகள் புள்ளிகளில் பின்தங்கி, பத்தாவது சுற்றில் ஒரு வலக்கைக் குத்துக்கு வழி பார்த்தார். இழப்பதற்கு அவரிடம் ஓட்டம் இருக்கவில்லை, குத்து இருந்தது.

தோற்றத்தை நம்பி ஏமாறுவது இன்னொரு கதை. சென்னையில் கண்ட அலி வயிறு பெருத்திருந்தார். அதே 1980-ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று லாஸ் வேகஸில், முன்பு பயிற்சியில் தம்மோடு மோதும் ஸ்பாரிங் ஜோடியாக இருந்த லேரி ஹோம்ஸை எதிர்த்து நின்றபோது, நரை மறைந்து, இடை சிறுத்து, பத்தாண்டு இளையவர்போலக் காட்சியளித்தார். உடல் இளைத்ததில் தைராய்டு மாத்திரைக்கும் பங்கிருந்தது என்பது பின்னர்தான் வெளியில் தெரிந்தது. மெலிந்த உடலில் தெம்பு இல்லை. ஹோம்ஸ் விருப்பம்போல் குத்தினார். பத்தாவது சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி போட்டியை நிறுத்தினார். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாத்தியாரிடம் ஓடினேன். வாங்கிக்கூடப் பார்க்காமல், "எத்தன ரவுண்டு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "பத்து வரிக்கும் ஏன்டா வுட்டாங்க?" என்றவர், அன்று பயிற்சி இல்லை என்று எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதன் பிறகும் 1981 டிசம்பரில் பஹாமாசில் டிரெவர் பெர்பிக்குடன் அலி ஒருமுறை மேடையேறித் தோற்றார். 1984-இல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது.

நீங்களே சோதித்துப் பார்க்க விரும்பினால், ஷேவர்ஸ் போட்டியின் காணொளியை வர்ணனை கேட்காதபடி ஒலியை அணைத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே மட்டும் பாருங்கள். கடைசிச் சுற்றில் அலி எழுச்சியோடு திருப்பி அடிக்கும்போது கண் தானாக மேலே போகும், போகவிடாதீர்கள்.