சிம்பொனிகளை எழுதிய வரிசையில் பார்க்க: கேள்வி பதில்

கேள்வி: சிம்பொனிகளை, அதாவது பெரிய இசைக்குழு வாசிக்கும் பல பகுதிகள் கொண்ட படைப்புகளை, எழுதிய வரிசையில் காணொளியாகப் பார்க்க நினைக்கிறேன். ஹெய்டன் மட்டுமே நூற்றுக்கு மேல் எழுதியிருக்கிறாரே, அத்தனையும் முடித்த பிறகுதான் மொசார்ட்டா?

பதில்: வேண்டாம். ஹெய்டனின் 45ஆம் சிம்பொனியை (1772) முதலில் பாருங்கள். அடுத்து மொசார்ட்டின் 39, 40, 41. மூன்றும் 1788 கோடையில் எழுதியவை. பிறகு லண்டனுக்காக ஹெய்டன் எழுதிய பன்னிரண்டில் 100, 104. அந்த 45ஐக் காதால் மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். கடைசிப் பகுதியில் கலைஞர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட, இரண்டு வயலின்கள் மட்டும் மிஞ்சுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

கேள்வி: எண் வரிசைப்படியே போனால் போதாதா?

பதில்: பிராம்ஸுக்குப் போதும். மெண்டல்சனுக்குக் கூடாது, அவை அச்சேறிய வரிசை. 1 (1824), 5 (1830), 4 (1833), 2 (1840), 3 (1842) என்று பாருங்கள். ஷூமனின் 4 முதலில் 1841இல் எழுதப்பட்டது. இன்று பெரும்பாலும் வாசிப்பது 1851இல் திருத்திய வடிவம், அதனால் 3க்குப் பின்னால் வைக்கலாம். மொசார்ட்டின் 37ஐத் தேடி அலையாதீர்கள். அது ஹெய்டனின் தம்பி மைக்கேல் ஹெய்டனுடையது, மொசார்ட் சேர்த்தது மெதுவான முகப்பு மட்டும்.

கேள்வி: ஷூபர்ட்டின் முற்றுப்பெறாத சிம்பொனி பீத்தோவன் 9க்கு முன்னாலா?

பதில்: ஆமாம், 1822. ஆனால் அது மேடையேறியது 1865இல். அதற்குள் மெண்டல்சனும் ஷூமனும் காலமாகிவிட்டார்கள், அவர்கள் இசையில் இதன் சாயலைத் தேட முடியாது. பட்டியலில் எழுதிய ஆண்டையும் அரங்கேறிய ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பீத்தோவன் 5இல் மூன்றாம் பகுதி சட்டென்று அறுந்துபோகிறதே?

பதில்: பகுதி பகுதியாக வெட்டிய காணொளியைப் பார்த்திருப்பீர்கள். மூன்றாவதும் நான்காவதும் இடைவெளியே இல்லாமல் ஒட்டியவை. டிம்பனி என்ற பெரிய முரசு அடங்கிய குரலில் தட்டிக்கொண்டே இருக்க, மற்றவை மெல்லச் சேர்ந்து பெருமுழக்கமாக வெடிக்கும். நடுவில் விளம்பரம் வந்தால் எல்லாம் போச்சு. சுமார் 33 நிமிட முழுப் பதிவாக எடுங்கள். அதுவரை வாசிக்காமல் காத்திருந்த மூன்று டிராம்போன்களும் (பித்தளை ஊதுகருவி) பிக்கலோவும் (சின்னப் புல்லாங்குழல்) கான்ட்ராபசூனும் (மிக ஆழ்ந்த குரலுள்ள மர ஊதுகருவி) நான்காம் பகுதி வெடிக்கும் அந்த இடத்திலிருந்துதான் உள்ளே வருகின்றன. இசைக்குழு வளர்ந்த கதையைக் கண்முன் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

கேள்வி: ஒரே சிம்பொனி ஒரு பதிவில் ஐந்து நிமிடம் கூடுதலாக ஓடுகிறதே?

பதில்: வேகம் ஒரு காரணம். முதல் பகுதியின் தொடக்கத்தை மறுபடி வாசிக்கச் சொல்லும் குறியைச் சிலர் விட்டுவிடுவது இன்னொன்று.

கேள்வி: தன் சிம்பொனிகளைத் திரும்பத் திரும்பத் திருத்திய ப்ரூக்னரை எந்த ஆண்டில் வைப்பது?

பதில்: பதிவில் எந்த வடிவம் என்று பார்த்து, அந்த ஆண்டில் வையுங்கள். 8ஆம் சிம்பொனிக்கே 1887, 1890 என இரண்டு உண்டு.