நடிக்க வராத மகள் நாடகம் படிக்கலாமா?

கேள்வி: பி.ஏ. தமிழ் முடித்த என் மகள் நாடகக் கோட்பாடும் விமர்சனமும் படிக்க ஆசைப்படுகிறாள். ஆனால் அவளுக்கு நடிக்க வராது. ‘ஓராண்டு அரங்கியல் டிப்ளமா, அரசுப் பதிவு பெற்றது, முடித்தால் கல்லூரி ஆசிரியர் வேலை’ என்று ஒருவர் நாற்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். கட்டலாமா? – ஒரு தந்தை, திருநெல்வேலி.

கட்டாதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

‘அரசுப் பதிவு’ என்பது பெரும்பாலும் சங்கப் பதிவுதான். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்கும் அப்படி ஓர் எண் உண்டு. சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சாகும் என்று கேளுங்கள். ‘அஃபிலியேஷன் வந்துகொண்டிருக்கிறது’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இதே ஆட்கள் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கித் தருவதாகவும் சொல்வார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. நாடகப் படிப்புக்கும், தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கலை, அழகியல் படிப்புக்கும் பொது நுழைவுத்தேர்வு எழுதித்தான் போக வேண்டும். அங்கே தரகருக்கு வேலையே இல்லை.

நடிப்பைப் பற்றிய கவலைக்கு வருகிறேன். கோட்பாடும் விமர்சனமும்தான் முக்கியம் என்றால் தில்லிப் படிப்பு பொருந்தும். மேடை ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. புதுச்சேரியில் செய்முறை உண்டு. அதற்கு அஞ்ச வேண்டாம். ஒத்திகையில் ஒருமுறையாவது விளக்குக் கம்பத்தைப் பிடித்து நின்றவர் எழுதும் விமர்சனத்துக்கும், புத்தகத்தை மட்டும் படித்தவர் எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

கல்லூரி வேலைக்கு முதுகலையில் 55 விழுக்காடும், நிகழ்த்துகலைப் பாடத்தில் ‘நெட்’ என்னும் தேசியத் தகுதித் தேர்விலோ மாநில அளவிலான ‘செட்’ தேர்விலோ தேர்ச்சியும் பொதுவாக வேண்டும். டிப்ளமா போதாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தரகர் அதைத்தான் உங்களிடம் காட்டுவார். தில்லியில் 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி தருவதும் டிப்ளமாதான். ஆனால் அது மூன்றாண்டுப் படிப்பு. ஆசிரியப் பணிக்கும் முனைவர் பட்டப் பதிவுக்கும் அதை முதுகலைக்கு இணையாக இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஏற்றிருக்கிறது. அந்த மதிப்பு அந்தப் பள்ளியின் டிப்ளமாவுக்குக் கொடுத்தது. ‘டிப்ளமா’ என்று அச்சடித்த எல்லாத் தாளுக்கும் அல்ல. ‘தில்லியிலும் டிப்ளமாதானே சார்’ என்று அவர் சிரித்தால், இணைத்தகுதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். எப்படியும் அங்கே நுழையப் பட்டப்படிப்போடு மேடை அனுபவமும் கேட்பார்கள். உங்கள் மகளுக்கு அந்த வழி ஒத்துவராது.

முத்தமிழில் ஒன்று நாடகம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். நம் கல்லூரிகள் பலவற்றில் அது தமிழ்த்துறையின் ஒற்றைத் தாள். நாடகத்தையும் சிறுகதையைப் போலக் கதைச்சுருக்கம் எழுத வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். தனித் துறையும் இல்லை, பணியிடமும் இல்லை. அப்புறம் தரகர் ஏன் கடை விரிக்க மாட்டார்?

மகளை நுழைவுத்தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். எந்தப் படிப்புக்கு எந்தத் தாள் எழுத வேண்டும் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பில் அவளே பார்க்கட்டும். கணினி மையத்துக்காரரிடம் அதை விட வேண்டாம். தவறான தாளைத் தேர்ந்து ஓராண்டை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.