கடைக்கு யாரை அனுப்புறீங்க? - பெத்தவங்க கேள்வி, டீச்சர் பதில்

இங்க பர்மால மழை ஆரம்பிச்சு ஸ்கூலும் தொறந்தாச்சு, வழக்கம்போல கேள்வி குவிஞ்சு கெடக்கு. எல்லாத்துக்கும் எழுத முடியல. வயசு போடாம அனுப்புனதுல பாதிய அப்படியே ஓரமா வச்சிட்டேன். போன தடவையும் சொன்னேன், அதுக்கு முந்தின தடவையும் சொன்னேன், புள்ளைக்கு என்ன வயசுன்னு எழுதுங்க, ஆறு வயசுக்கு சொல்றது பத்து வயசுக்கு ஒத்து வராது. அதோட ஒரே நேரத்துல நாலு பழக்கத்த மாத்தப் பாக்காதீங்க, ஒண்ணு மட்டும் எடுங்க, அது நின்னப்புறம் அடுத்தது.

தட்டோன்லேர்ந்து ஒரு அம்மா: மகனுக்கு 7 வயசு. காலைல மொஹிங்கா (மீன் கொழம்பு ஊத்துன நூடுல்ஸ்) வாங்கி வச்சாக்கூட தொட மாட்டேங்குறான், காபி மிக்ஸ் ஒரு கப் மட்டும் குடிச்சிட்டு ஸ்கூலுக்கு ஓடுறான். அதுல பால் இருக்குல்ல, போதுமா?

பால் எங்கம்மா இருக்கு அதுல? பாக்கெட்ட திருப்பிப் பாருங்க, பாதிக்குப் பக்கம் சர்க்கரை, மிச்சத்துல பெரும்பாகம் எண்ணெயில செஞ்ச வெள்ளைப் பவுடர், அப்புறம் கொஞ்சம் காபித்தூள். ஏழு வயசுப் புள்ளைக்கு தனியா சேக்குற சர்க்கரை ஒரு நாளைக்கு 40 கிராமத் தாண்டக்கூடாது, 20 கிராமுக்குள்ள நின்னா ரொம்ப நல்லது, உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். 20 கிராம்னா 5 டீஸ்பூன். காலைல ஒரு பாக்கெட்லயே ரெண்டு ஸ்பூனுக்கு மேல போயிருது, சாயங்காலம் அப்பாகூட டீக்கடைல உக்காந்து டின்பால் ஊத்துன டீ ஒண்ணு குடிச்சா கணக்கு முடிஞ்சுது. காபியும் டீயும் சாப்பாட்டோட சேந்து போனா அதுல உள்ள இரும்புச்சத்த ஒடம்புல ஒட்ட விடாது, அதுவும் ஞாபகத்துல வச்சுக்கங்க.

அவனுக்கு காலைல ஏன் பசிக்கலன்னு பாருங்க, ராத்திரி 9 மணிக்கு மேல சாப்பிடுறானா? அத 7 மணிக்குக் கொண்டுவாங்க. காலைல தெருவுல "பே-பியோ"ன்னு கூவிட்டு வர்றாங்கல்ல, அந்த அவிச்ச பட்டாணி ஒரு கை, ராத்திரி சோத்த கொஞ்சம் எண்ணெயில பெரட்டி அதோட குடுங்க, வேணும்னா ஒரு முட்டை. மொத வாரம் நாலு வாய்தான் சாப்பிடுவான், பரவால்ல. காபி மிக்ஸ மட்டும் வீட்டுல வாங்கி வைக்காதீங்க, அலமாரில இருந்தா நீங்களே கலந்து குடுத்துருவீங்க.

யாங்கோன், ஒரு அப்பா: 21 நாள் தொடர்ந்து செஞ்சா எந்தப் பழக்கமும் புள்ளைங்களுக்கு வந்துரும்னு ஒரு வீடியோல பாத்தேன், உண்மையா?

இல்ல. லண்டன்ல 96 பெரியவங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணுனாங்க, ஒரு பழக்கம் தானா வர்றதுக்கு சராசரியா 66 நாள் ஆச்சு, ஒருத்தருக்கு 18, இன்னொருத்தருக்கு 254ன்னு கணக்குப் போட்டாங்க. பெரியவங்களுக்கே இப்படின்னா 22ஆவது நாளு புள்ள மறந்துருச்சுன்னு திட்டுறது என்ன நியாயம். நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா ஒண்ணும் ஆகாது, மறுநாள் பிடிங்க.

மோல்மீன்: என் பையன் ஒழுக்கமா வளர என்ன பண்ணணும் டீச்சர்?

வயசு இல்ல, என்ன பண்றான்னு இல்ல, ஒண்ணும் இல்ல. திரும்ப எழுதுங்க.

பெகுவுலேர்ந்து ஒரு அப்பா: என் மகளுக்கு 8 வயசு. தெருமுனைல குன்யா கடை (வெத்தலை, பாக்கு, புகையிலை மடிச்சுக் குடுக்குற கடை), எனக்கு வேணுங்குறப்ப அவதான் போய் வாங்கிட்டு வருவா, ரொம்பப் பொறுப்பான புள்ள, மிச்சக் காச சரியா எண்ணிக் குடுத்துருவா. இப்ப ஒரு மாசமா பொட்டலத்துலேர்ந்து பாக்க மட்டும் எடுத்து வாயில போட்டுக்குறா. அதட்டியும் பாத்தாச்சு, ஒரு தடவை அடிச்சும் பாத்தாச்சு. எப்படி நிறுத்துறது?

அண்ணே, கோவிச்சுக்காதீங்க, படிச்சதும் எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. மகள எப்படி நிறுத்துறதுன்னு கேக்குறீங்க, மொதல்ல நீங்க அவள அந்தக் கடைக்கு அனுப்புறத நிறுத்துங்க. இத நான் எத்தன வருஷமா எழுதுறேன், இன்னும் எழுதிக்கிட்டேதான் இருக்கேன்.

ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தப் பலகை முன்னாடி போய் நிக்கிற புள்ள என்ன கத்துக்குதுன்னு யோசிச்சீங்களா? வெத்தலைல சுண்ணாம்பு எவ்வளவு தடவணும், பாக்கு எத்தன துண்டு, புகையிலைல அப்பாவுக்கு எந்த மார்க்கு, ஏலக்கா வேணுமா வேண்டாமா, எல்லாம் அதுக்கு மனப்பாடம். கடைக்காரரு பழகுன புள்ளன்னு ஒரு துண்டு இனிப்புப் பாக்க சும்மா குடுப்பாரு, அதுலதான் ஆரம்பிக்கும். என் வகுப்புல மூணாவது படிச்ச ஒரு பையன் பென்சில் டப்பாவுல இனிப்புப் பாக்கு பாக்கெட் வச்சிருந்தான், கணக்கு நோட்டு ஓரமெல்லாம் செவப்புக் கறை. அப்பாவ வரச்சொன்னேன், வந்தாரு, வாய் நெறைய அடக்கிக்கிட்டு, பதில் சொல்லவே வெளில போய் துப்பிட்டு வரவேண்டியிருந்துச்சு. அந்தப் பையன் அவரையேதான் பாத்துக்கிட்டு நின்னான்.

"புகையிலை போடலீங்க, வெறும் பாக்குதானே"ன்னு ஒரு பேச்சு வரும். 2004லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு சொல்லிருச்சு, பாக்கு தனியாவே புற்றுநோய் உண்டாக்கும்னு. சிகரெட் எந்த வரிசைல இருக்கோ அதே வரிசை. அது மட்டும் இல்ல, வாய்க்குள்ள சதை நார் மாதிரி இறுகிப்போகும், வாயத் தொறக்கவே முடியாது. என் சித்தப்பாவுக்கு அது வந்துச்சு. கடைசி காலத்துல சோத்துக் கரண்டி உள்ள போகாது, கஞ்சிய ஓரமா ஊத்திக்கிட்டாரு, மொளகா பட்டா நெருப்பு பட்ட மாதிரி துடிப்பாரு. அவரு எப்ப ஆரம்பிச்சாருன்னு கேட்டா அவரே சொல்வாரு, பத்து வயசுல பாட்டிக்கு வாங்கப் போறப்பன்னு. அப்படி இறுகுன சதை பழையபடி ஆகாது, நிறுத்துனா மேல மோசமாகாம பாத்துக்கலாம், அவ்வளவுதான்.

தாம்பூலம் நம்ம வழக்கம்தானேன்னு போன வருஷம் ஒரு அண்ணன் சண்டைக்கே வந்தாரு. விசேஷத்துல வெத்தலை பாக்கு வச்சுக் குடுக்குறத யாரு வேண்டாங்குறா, எங்க வீட்டு விசேஷத்துலயும் தட்டு உண்டு. நாளுக்கு இருவது தடவை புகையிலையோட மெல்றதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இந்த நாட்டுல ஆம்பளைங்கள்ல பாதிக்கு மேல குன்யாவோ வேற வாய்ப் புகையிலையோ போடுறாங்க, அதனால ஊரே போடுதுன்னு நமக்குத் தப்பாத் தெரியல.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. நாளைலேர்ந்து உங்க காலால நடந்து போய் வாங்குங்க. மகள உக்கார வச்சு "உன்ன அனுப்புனது அப்பா பண்ணுன தப்பு, இனிமே அனுப்ப மாட்டேன்"னு சொல்லுங்க, அப்பா வாயால தப்புன்னு கேட்ட புள்ளைக்கு அது ஆயுசுக்கும் மறக்காது. கடைக்காரர்கிட்டயும் சொல்லிருங்க, அவ தனியா வந்தா எதுவும் குடுக்காதீங்கன்னு. அடிக்காதீங்க, அடிச்சா ஒளிச்சு வச்சு மெல்லுவா, அவ்வளவுதான் நடக்கும். அவ வாயத் தொறக்கச் சொல்லிப் பாருங்க, அவளோட மூணு விரல நிமித்தி வச்சா உள்ள போகுதா, கன்னத்து உள்பக்கம் வெளுத்திருக்கா, காரம் பட்டா எரியுதுங்குறாளா, இதுல ஒண்ணு இருந்தாலும் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. வாய் நமநமன்னு இருந்தா வறுத்த பட்டாணியோ சூரியகாந்தி வெதையோ குடுங்க. பொறுப்பு வரணும்னுதானே அனுப்புனீங்க? முட்டை வாங்க அனுப்புங்க, கொத்தமல்லி வாங்க அனுப்புங்க, மிச்சக் காச அப்பவும் எண்ணிக் குடுப்பா.

நீங்க நிறுத்துறதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல, ஆனா அவ முன்னாடி மெல்லாம இருக்க ஒரு மாசம் முயற்சி பண்ணிப் பாருங்க அண்ணே.

மண்டலே, ஒரு அம்மா: 6 வயசு மகளுக்கு கடைசிப் பல்லு கருப்பா இருக்கு. பால் பல்லுதானே, விழுந்து மொளைக்கும்னு விட்டுட்டேன். சரிதானே?

சரியில்ல. ஆறு வயசுல பால் பல்லு வரிசைக்குப் பின்னாடி, எந்தப் பல்லும் விழாமலே ஒரு பெரிய கடைவாய்ப்பல் மொளைக்கும், மேல ரெண்டு கீழ ரெண்டு. அது நெரந்தரப் பல்லு, போனா போனதுதான். பால் பல்லுன்னு நெனச்சு விட்டு அதத் தொலைச்ச புள்ளைங்கள வகுப்புக்கு வகுப்பு பாத்திருக்கேன். இந்த வாரமே காட்டுங்க. ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், பட்டாணி அளவு போதும், ராத்திரி தேச்சப்புறம் தண்ணிய தவிர எதுவும் வாய்க்குள்ள போகக்கூடாது. ஏழெட்டு வயசு வரைக்கும் தேச்சு முடிச்சப்புறம் நீங்க ஒரு தடவை தேச்சு விடுங்க, அவங்க கைக்கு பின்பல்லு எட்டாது.

யாங்கோன்: பையன் (7) கூடப் படிக்கிறவனோட ரப்பர், ஸ்டிக்கரெல்லாம் எடுத்துட்டு வந்துர்றான். திருடனா ஆயிருவானோன்னு பயமா இருக்கு.

ஆக மாட்டான், அந்த வார்த்தைய அவன் காதுல போடாதீங்க. மறுநாள் நீங்க கூடப் போய், அவன் கையால திருப்பிக் குடுக்க வைங்க, ஊரக் கூட்டாம. "இது யாருது, அவன் தேடியிருப்பான்ல"ன்னு மட்டும் கேளுங்க. மூணு தடவைக்கு மேல தொடர்ந்தா சயாமாகிட்ட (வகுப்பு டீச்சர்கிட்ட) பேசுங்க.

பெகு, ஒரு அம்மா: மகன் அஞ்சாவது, 10 வயசு. ஸ்கூல் முடிஞ்சு ட்யூஷன், அது முடிஞ்சு இன்னொரு ட்யூஷன், வீட்டுக்கு வர 8 ஆகுது. ராத்திரி 11க்கு தூங்குறான், காலைல எழுப்பவே முடியல, எரிச்சல் எரிச்சலா பேசுறான். மரியாதை எப்படிச் சொல்லிக் குடுக்குறது?

தூங்க விடுங்க, மரியாதை பாதி தானா வரும். 6லேர்ந்து 12 வயசு வரைக்கும் 9 மணி நேரமாவது தூங்கணும். காலைல 6க்கு எந்திரிக்கணும்னா ராத்திரி 9க்கு படுத்தாகணும், இதுல வேற கணக்கே இல்ல. ரெண்டு ட்யூஷன்ல ஒண்ண நிறுத்துங்க, எத நிறுத்துறதுன்னு அவனையே கேளுங்க. மிச்சமாகுற ஒரு மணி நேரம் வெளில போய் சின்லோன் (பிரம்புப் பந்த கால்ல தட்டுற ஆட்டம்) ஆடட்டும், மழை இல்லன்னா. கண்ணுக்கும் அது நல்லது, தாய்வான்ல 2010லேர்ந்து ஸ்கூல் புள்ளைங்கள தினமும் 2 மணி நேரம் வெயில் வெளிச்சத்துல விட ஆரம்பிச்சாங்க, ஏறிக்கிட்டே போன கிட்டப்பார்வை கொஞ்சம் எறங்குச்சு. கரண்ட் இல்லாத ராத்திரில போன் வெளிச்சத்துல குனிஞ்சு படிக்கிற புள்ளைக்கு இது எவ்வளவு முக்கியம்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

மோல்மீன், ஒரு தாத்தா: பேரன் (9) பொய் சொல்ல ஆரம்பிச்சிட்டான்.

ஐயா, வீட்டு வாசல்ல கடன்காரர் வந்து நின்னா "அப்பா இல்லன்னு சொல்லு"ன்னு அவன யாரு அனுப்புறா? மொதல்ல அத விசாரிங்க. குன்யாவுக்கு சொன்னதுதான் இதுக்கும்.

யாங்கோன்: 8 வயசுப் பையனுக்கு வீட்டு வேலை என்ன குடுக்கலாம்? ஒண்ணுமே செய்ய மாட்டேங்குறான்.

இந்த மழைக் காலத்துக்கு நல்ல வேலை ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வீட்ட சுத்தி தண்ணி தேங்குற சாமான் எல்லாத்தையும் கவுத்துறது, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்கா ஓடு, எல்லாம். டெங்கு கொசு சாக்கடைல இல்ல, நல்ல தண்ணிலதான் முட்டை வைக்கும், பகல்லதான் கடிக்கும், இங்க அதிகமா மாட்டுறது ஸ்கூல் போற வயசுப் புள்ளைங்கதான். தண்ணித் தொட்டியயும் டிரம்மயும் வாரம் ஒரு தடவை உள்பக்கம் தேச்சுக் கழுவணும், சும்மா தண்ணிய கொட்டுனா பத்தாது, முட்டை சுவத்துல ஒட்டிக்கிட்டே இருக்கும். தொட்டிய நீங்க தேய்ங்க, சின்ன சாமான் அவன் பொறுப்பு. கூட ஒரு நோட்டுல டிக் போடட்டும். புள்ளைங்களுக்கு தண்ணில நெளியுற கொசுப்புழுவப் பாக்க ரொம்பப் பிடிக்கும், ஒரு டார்ச்ச குடுத்துப் பாருங்க, அவனே உங்கள எழுப்புவான். அப்புறம் ஒரு விஷயம், காய்ச்சல் வந்தா பாரசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின், ப்ரூஃபென் பக்கம் போகாதீங்க, டெங்குவா இருந்தா ரத்தக்கசிவு ஆயிரும்.

தட்டோன்: மகள் (9) ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி தமிழ்ல பேசுனா வெக்கப்படுறா, பர்மியத்துலயே பதில் சொல்றா.

அவங்க முன்னாடி வற்புறுத்தாதீங்க. வீட்டுல நீங்க தமிழ்ல பேசுறத நிறுத்தாதீங்க, அவ எந்த மொழில பதில் சொன்னாலும் சரி. மார்ச்லேர்ந்து மே வரைக்கும் லீவு, கோயில்ல தமிழ் வகுப்பு நடந்தா அனுப்புங்க, அங்க அவள மாதிரி பத்து புள்ளைங்க இருக்கும், வெக்கம் அங்கதான் போகும். ஆச்சிக்கு போன் போட்டு கதை கேக்க வைங்க, வாரம் ஒரு தடவை.

பெகு: பையனுக்கு 6 வயசு, ராத்திரில பின்பக்கம் சொறியுறான், நகத்த கடிக்கிறான். ஸ்கூல்ல குடுத்த பூச்சி மாத்திரைய பயந்து குடுக்காம விட்டுட்டேன்.

ஏன் பயம்? 400 மில்லிகிராம் அல்பென்டசோல் ஒரே மாத்திரை, உலகம் பூரா ஸ்கூல் புள்ளைங்களுக்கு குடுக்குறதுதான். ராத்திரி சொறியுறது நூல்புழுவா இருக்கும், அதுக்கு ஒரு தடவை குடுத்து ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை குடுக்கணும், வீட்டுல எல்லாரும் சேந்து சாப்பிடணும், ஆனா வீட்டுல யாராச்சும் புள்ளத்தாச்சியா இருந்தாலோ, ரெண்டு வயசு ஆகாத புள்ள இருந்தாலோ டாக்டரக் கேக்காம அவங்களுக்கு குடுக்காதீங்க. நகத்த வெட்டுங்க, படுக்கை விரிப்ப வெந்நில தொவைங்க, காலைல எந்திரிச்சதும் சோப்பு போட்டு கழுவச் சொல்லுங்க. இந்த மாசம் அவனுக்கு கை கழுவுறது மட்டும்தான் பழக்கம், நகம் கடிக்கிறத அடுத்த மாசம் பாத்துக்கலாம்.