பகடைப் பெட்டி: நெருப்பை வாளால வெட்டலாமா?

இந்த மாசம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பத்தி, அதாவது பகடை உருட்டி ஆளுக்கொரு வேஷம் எடுத்து ஆடுற கதை விளையாட்டைப் பத்தி, வந்த கேள்வில பாதி செட்டிநாட்டுப் பக்கத்துல இருந்து தான். அதுவும் எல்லாமே உடம்பில்லாத ஜந்துங்க பத்தி, நெருப்பு, மின்னல், வெளிச்சம்னு. லீவுக்கு எல்லாரும் ஊருக்கு வந்து பெரிய வீட்ல கூடிட்டாங்க போல.

பெரியப்பா வீட்டு வளவுல உக்காந்து அஞ்சு பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறோம். டிஎம் (கதையை நடத்துறவன்) ஒரு ஃபயர் எலிமென்டலை (நெருப்பே உடம்பான ஜந்து) இறக்கிட்டான். என் ஃபைட்டர் (நான் ஆடுற போர்வீரன்) வாளால வெட்டுனா பாதி டேமேஜ் தானாம், வெட்டுன எனக்கே சூடு வேற படுதாம். பின்ன எப்படித்தான் கொல்றது? — தேவகோட்டை

டிஎம் சொன்னது ரெண்டுமே சரி தம்பி. 2014ல வந்த அஞ்சாவது எடிஷன் படி மந்திரம் ஏறாத ஆயுதம்னா பாதி தான் இறங்கும், பக்கத்துல அஞ்சடிக்குள்ள நின்னு அடிச்சா உனக்கு 1டி10 (பத்து பக்கப் பகடை ஒண்ணை உருட்டி வர்ற அளவு) நெருப்பு டேமேஜ். ஆர்மர் கிளாஸ் (அடி விழ எட்ட வேண்டிய நம்பர்) வெறும் 13, அதனால அடி சுலபமா விழும், ஆனா சராசரி ஹிட் பாயின்ட் (உயிர்க் கணக்கு) 102, அதை முடிக்கிறதுக்குள்ள உன் மீசை கருகிடும்.

வாளை ஓரமா வச்சிட்டு தண்ணிய எடு. ஒரு கேலன் தண்ணி அது மேல ஊத்துனா 1 பாயின்ட் குறையும்னு ரூல்லயே இருக்கு. 102 கேலன்னா கிட்டத்தட்ட 386 லிட்டர், நம்ம 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்துல இருபத்தாறு குடம் வரும். அஞ்சு பேரும் ஆளுக்கு ஒரு குடம் நெறைய வச்சிக்கிட்டு ஒரு ரவுண்டுல, அதாவது ஆறு செகண்டுல, ஊத்துனீங்கன்னா சுமார் 20 பாயின்ட் போயிடும், வாளை வச்சிக்கிட்டு மல்லாடுறதை விட இது எவ்வளவோ மேல். ஆனா அடுத்த குடம் எங்க இருந்து வரும்ங்கறது தான் சண்டையே. முற்றத்துல மழைத்தண்ணி பிடிக்கிற அண்டா இருக்கா, கிணத்தடி எத்தனை அடி தூரம், வாளி யார் இறைக்கிறான்னு மேப்ல போட்டுக் காட்டச் சொல்லு.

ஊருணில தள்ளி விட்டா உடனே அணைஞ்சிடும்னு நெனைப்பீங்க, ரூல் அப்படி இல்ல. தண்ணிக்குள்ள அது நகர்ற ஒவ்வொரு அஞ்சடிக்கும் 1 பாயின்ட் தான். ஒரு டர்ன்ல, அதாவது அதோட முறை ஒண்ணுல, வேகம் 50 அடி, அத்தனையும் தண்ணில ஓடுனாலும் பத்து பாயின்ட், அதாவது ரெண்டரை குடம் கணக்கு. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கல. என் டேபிள்ல முழுசா முங்குனா ஒவ்வொரு டர்னும் 2டி10 போடுவேன், உங்க டிஎம் ஒத்துக்கிட்டா நீங்களும் அப்படியே போடுங்க.

இன்னொன்னு டிஎம் கிட்ட காட்டாம படி, இல்லனா அவன் பொழச்சுக்குவான். அது ஒரு இன்ச் இடுக்குல கூட நுழையும், அதனால கதவைச் சாத்தி பிரயோஜனம் இல்ல. எரியிற சாமான் மேல பட்டா பத்திக்கும். ஆத்தங்குடிக் கல்லும் சுண்ணாம்புச் சுவரும் தாங்கிடும், பர்மா தேக்குத் தூணும் நிலைக்கதவும் தாங்காது. அதனால எலிமென்டலைக் கொல்றதை விட வளவுல இருந்து வெளிய கொண்டு போறது தான் உங்க அஞ்சு பேருக்கும் உண்மையான வேலை.

எங்க ஆயா சின்ன வயசுல கண்மாய்ப் பக்கம் கொள்ளிவாய்ப் பிசாசு பாத்தேன்னு சொல்லும். அதை கேம்ல சேக்கலாமா? — பள்ளத்தூர்

தாராளமா. அதுக்குக் கிட்டத்தட்ட தயாராவே ஒரு ஜந்து இருக்கு, பேரு வில்-ஓ-விஸ்ப். ராத்திரி சேத்து நிலத்துல வெளிச்சம் காட்டி ஆளை இழுத்துட்டுப் போய் மாட்டி விடுறது எல்லா ஊர்லயும் உள்ள கதை தான், மக்குற செடி கொடில இருந்து வர்ற வாயு எரியுதுன்னு ஒரு விளக்கமும் உண்டு, ஆயா கிட்ட அதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்காதீங்க.

ஹிட் பாயின்ட் 22 தான், ஆனா ஆர்மர் கிளாஸ் 19, பறக்கும், மறையும், சுவத்துக்குள்ள புகுந்து போகும், மின்னல் அதை ஒண்ணும் செய்யாது. தொட்டா 2டி8 ஷாக். பல டிஎம் இதை ஷாக் அடிக்கிற பல்பு மாதிரி ஆட்டி விட்டு முடிச்சிடறாங்க, அங்க தான் கோட்டை விடறாங்க. அதோட சாப்பாடு என்னன்னு பாருங்க. பக்கத்துல ஒருத்தன் 0 ஹிட் பாயின்ட்ல கெடந்தான்னா அவன் உயிரை உறிஞ்சும், டிசி 10 கான்ஸ்டிடியூஷன் சேவிங் த்ரோ (உடம்பு தாங்குதான்னு பாக்குற உருட்டு, 10 எட்டணும்) தோத்தா அவன் அங்கயே காலி, இதுக்கு 3டி6 உடம்பு தேறிடும். அப்ப அது சண்டை போட வராது, விழ வைக்கத்தான் வரும். கண்மாய்க்கரையில வழுக்குற இடம், புதைசேறு, வேற ஏதாவது விலங்கு, இது மூணுல ஒண்ணு முதல்ல ஆளைச் சாய்க்கட்டும், வெளிச்சம் தூரத்துல நின்னு வேடிக்கை பாக்கட்டும். ஒருத்தன் விழுந்த அடுத்த நொடி விளக்கு அணையணும், அதுக்கு மேல நீங்க ஒண்ணும் பேசாதீங்க.

ஆசையா லைட்னிங் போல்ட் (மின்னல் மந்திரம்) ஒண்ணு விட்டேன், எதிர்ல வந்த செடிக்குவியல் சாகாம ஹிட் பாயின்ட் ஏறிடுச்சுன்னு டிஎம் சொல்றார். ஏமாத்துறாரா? — திருப்பத்தூர்

இல்ல. அது ஷாம்ப்ளிங் மவுண்ட், மின்னலைத் தின்னும், எவ்வளவு டேமேஜோ அவ்வளவும் அதுக்கு வைத்தியம். ஃப்ளெஷ் கோலமும் (சதையைத் தைச்சு உயிர் குடுத்த பொம்மை) அப்படியே. அயர்ன் கோலம்னா (இரும்புப் பொம்மை) நெருப்பைத் தின்னும். அடுத்த தடவை முதல்ல சின்ன மந்திரமா ஒண்ணு விட்டுப் பாத்துட்டு அப்புறம் பெருசை எடுங்க.

சித்தப்பா மலேசியாவுல இருந்து 1977 மான்ஸ்டர் மேனுவல் (இந்த ஆட்டத்தோட ஜந்துப் புத்தகம்) கொண்டாந்து குடுத்தாரு. அதுல வைட் (செத்தும் நடமாடுற ஜந்து) அடிச்சா லெவலே (ஆடிச் சேத்த படி) போயிடும்னு இருக்கு, இது என்ன அநியாயம்? — கானாடுகாத்தான்

அநியாயம் தான், அந்தக் காலத்து ஆட்டம் அப்படி. வைட், ரெய்த் அடிச்சா ஒரு லெவல், ஸ்பெக்டரும் வாம்பயரும் அடிச்சா ரெண்டு லெவல், தப்பிக்க சேவிங் த்ரோ கூட கிடையாது. மாசக்கணக்கா ஆடிச் சேத்த லெவல் ஒரு அடில போயிடும். இந்த ஜந்துங்களை எல்லாம் நெகட்டிவ் சக்தி உலகத்தோட முடிச்சுப் போட்டிருந்தாங்க, உன் உயிர்ச்சக்தி அந்தப் பக்கம் வடிஞ்சு போறதுன்னு அர்த்தம். புது எடிஷன்ல அதை மென்மையாக்கி மேக்ஸிமம் ஹிட் பாயின்ட் குறையுற மாதிரி மாத்திட்டாங்க, நல்லா தூங்கி எந்திரிச்சா திரும்ப வந்துடும்.

எனக்குப் பழசு தான் பிடிக்கும், ஏன்னா வைட் வருதுன்னா டேபிள்ல எல்லாருக்கும் வயித்தைக் கலக்கும். ஆனா தங்கச்சிய, மச்சானை வச்சு ஆடுறீங்கன்னா பழைய ரூலை எடுக்காதீங்க, வீட்ல பேச்சு வார்த்தை நின்னு போயிடும்.

நான் சிக்ரில (மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) பேட்டரி சம்பந்தமா ப்ராஜக்ட் பண்றேன். சார்ஜ் ஏறி இறங்குற ஒரு ஜந்து நானே செய்யணும். — காரைக்குடி

சரியான ஊர்ல உக்காந்து சரியான கேள்வி கேக்குறீங்க. ஹிட் பாயின்ட்டோட சார்ஜ்னு ரெண்டாவது நம்பர் ஒண்ணு வையுங்க, 0ல இருந்து 10 வரைக்கும். மின்னல் மந்திரம் பட்டா ஹிட் பாயின்ட் ஏறக்கூடாது, சார்ஜ் மட்டும் 2 ஏறட்டும், இல்லனா மேல சொன்ன செடிக்குவியலே தான் வரும். அடிக்க ஒரு சார்ஜ், பறக்க ஒரு சார்ஜ்னு செலவாகட்டும். 0 ஆச்சுன்னா தரையில விழுந்து ஆர்மர் கிளாஸ் அஞ்சு குறையட்டும். 10ஐத் தாண்டுனா வெடிக்கட்டும், இருபதடிக்குள்ள எல்லாரும் டெக்ஸ்டெரிட்டி சேவ் (விலகித் தப்பிக்கிற உருட்டு) போடட்டும். அப்ப ஆடுறவங்களுக்கு ரெண்டு வழி, பட்டினி போட்டும் கொல்லலாம், தின்னக் குடுத்தும் கொல்லலாம். இரும்புச் சங்கிலில கட்டி எர்த் பண்ணா ஒவ்வொரு டர்னும் ஒரு சார்ஜ் வடியும்னும் வையுங்க, எவனாவது ஒருத்தன் கிணத்து ராட்டினச் சங்கிலியைக் கண்டிப்பா கழட்டுவான்.

எழுதி வெளியிடணும்னா 2023 ஜனவரில ஆட்டத்தை வெளியிடுறவங்க அஞ்சாவது எடிஷனோட அடிப்படை ரூலை (5.1) கிரியேட்டிவ் காமன்ஸ் லைசன்ஸ்ல (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்ங்கற அனுமதி) திறந்து விட்டுட்டாங்க, இலவசமா இறக்கிக்கலாம், எங்க இருந்து எடுத்தீங்கன்னு அவங்க கேக்குற வரியை மட்டும் போட்டுடணும்.

இருபது பக்கம் உள்ள பகடை இல்ல, தாயக்கட்டை வச்சு ஆடலாமா? — புதுவயல்

முடியாது. போன்ல இலவச ஆப் இருக்கு. இல்லனா 1 முதல் 20 வரை சீட்டு எழுதி ஒரு சொம்புல போட்டு எடுங்க, ஒவ்வொரு தடவையும் எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்கணும்.