மூலம் என்று யார் சொன்னது?

கேள்வி: எனக்கு 38 வயது. ஒரு மாதமாக மலத்தோடு இரத்தம் போகிறது. மூலம் என்று நினைத்து மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசுகிறேன். அப்பாவுக்கு 47 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் வந்து, மகரகமவில் வைத்தியம் பார்த்தோம். எனக்கு மலப் பரிசோதனை போதுமா, கமரா விட்டே பார்க்க வேண்டுமா? காலையில் நான் சாப்பிடும் சோசேஜ் பணிஸ்தான் காரணம் என்கிறார் மனைவி.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, களிம்பை மூடி வையுங்கள். மூலம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

இதே பிழையை நானே விட்டிருக்கிறேன். டொக்டராகி மூன்றாம் வருடம். வெள்ளவத்தையில் என் பெரிய மாமா, கதிரையில் துவாயை மடித்துப் போட்டு அதன்மேல் இருந்தபடி, "இது மூலம்தானே?" என்று கேட்டார். நானும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே "ஓம் மாமா" என்றேன். கையுறை போட்டு விரல் விட்டுக்கூடப் பார்க்கவில்லை. சொந்த மாமா, வெட்கம். மூலம் இருந்தது உண்மைதான். அதற்கு மேலே கட்டியும் இருந்தது. எட்டு மாதம் வீணாய்ப் போனது.

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடும் பரிசோதனை, ஒரு குறையும் இல்லாதவர்களுக்கு உரியது. உங்களுக்குத்தான் கண்ணாலேயே தெரிகிறதே! கட்டி சில நாள் கசியும், சில நாள் கசியாது. கசியாத நாளில் எடுத்த மாதிரி 'ஒன்றுமில்லை' என்று வந்தால், நீங்கள் நிம்மதியாகக் களிம்புக்கே திரும்பிவிடுவீர்கள். ஆகவே கமரா விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனொஸ்கொபிதான். இரத்தமே போகாவிட்டாலும் உங்களுக்கு அது பாக்கி. பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால், 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்கு 10 வருடம் முன்னதாக, எது முந்தியதோ அப்போது பார்ப்பது வழக்கம். உங்கள் கணக்கு 37. போன வருடமே பார்த்திருக்க வேண்டும். தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் பொலிப் என்ற சிறு தசை முளையில் தொடங்குகிறது. அது புற்றாக மாற ஏறக்குறைய 10 வருடம்கூட எடுக்கும். கமராவோடு போகும் கம்பி வளையத்தால் அதை அங்கேயே அறுத்து எடுத்துவிடலாம். குடலின் உட்தோலுக்கு வெட்டும் வலி தெரியாது.

அப்பாவின் 47 வயது எனக்கு இன்னொன்றையும் யோசிக்க வைக்கிறது. லின்ச் நோய்க்குறி என்று ஒன்று குடும்பங்களில் இறங்கும். குடலோடு கருப்பையிலும் புற்று வரலாம். அது உள்ள பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் குறை இறங்கச் சரிபாதி வாய்ப்பு. அப்பம்மா எதனால் செத்தார் என்று கேளுங்கள். நம் வீடுகளில் 'வயிற்றில் கட்டி' என்பதோடு கதையை முடித்துவிடுவார்கள். எந்தக் கட்டி என்று விடாமல் கேட்டு, டொக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, பணிஸ். மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்தது. நாளுக்கு 50 கிராம் சாப்பிட்டால் அபாயம் சுமார் 18 வீதம் கூடும். நூறில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே உள்ள அபாயம் அவ்வளவால் ஏறும். குறையுங்கள். ஆனால் பணிஸை விட்டுவிட்டேன் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சோதனைக்கு முன்பு சிவப்பரிசி, கீரை, விதையுள்ள பழங்கள் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையோ இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ எடுத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். முதல் நாள் இளநீர், பிளேன் டீ குடிக்கலாம். சிவப்பு நிறச் சோடா மட்டும் கூடாது, உள்ளே இரத்தம் மாதிரித் தெரியும். குடலைச் சுத்தமாக்கத் தரும் பேதி மருந்தைக் குளிரவைத்துக் குடித்தால் கொஞ்சம் இறங்கும். மயக்க ஊசி போடுவார்கள், அன்றைக்கு மோட்டார் சைக்கிளைத் தொட வேண்டாம். மனைவியைக் கூட்டிப் போங்கள்.