மாடு, வயல், வத்தல், பிள்ளைகள்: கேட்டவர்களுக்கு என் பதில்

அம்பாசமுத்திரம் பக்கம் 60 சென்ட் நஞ்சை, இரண்டு கறவை மாடு, வீட்டிலேயே போடும் கூழ்வத்தல், மோர்மிளகாய் வியாபாரம். 14 வருஷமாக இதுதான் எங்கள் பிழைப்பு. வீட்டையும் இதையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று கேட்டவர்களுக்கு, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

சேரன்மகாதேவி தங்கச்சி: அக்கா, ஒரு மாடும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டும் இருக்கிறார்கள். வத்தலும் போட்டால் ஒரு நாளில் எல்லாவற்றையும் முடிக்க முடியுமா?

முடியாதும்மா. ஒரு நாளைப் பார்க்காதே, வருஷத்தைப் பார். பிசான நெல் அறுப்பு மாசி, பங்குனியில் வரும், பிள்ளைகளுக்குப் பரீட்சையும் அப்போதுதான், வத்தல் போட நல்ல வெயில் தொடங்குவதும் அப்போதுதான். நான் ஒரு வருஷம் மூன்றையும் ஒன்றாகத் தலையில் போட்டுக்கொண்டேன். மகளுக்குப் பத்தாம் வகுப்பு. தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், வேட்டியை விரித்து நான் வத்தல் பிழிந்துவிட்டுக் களத்துக்கு ஓடிவிடுவேன், அவள் காக்கா விரட்டிக்கொண்டே படிப்பாள். பரீட்சையெல்லாம் முடிந்தபிறகு அவள் சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்தேன், இரண்டு பக்கம் கூழ் காய்ந்து ஒட்டியிருந்தது. பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தது. அன்றோடு முடிவு பண்ணினேன், பரீட்சை முடிகிறவரை வத்தல் ஆர்டர் எடுப்பதில்லை. யார் கேட்டாலும் சித்திரையில்தான். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் போனார்கள், போகட்டும்.

நீயும் முதலில் காலண்டரில் பிள்ளைகளின் பரீட்சை, ஊர்க் கோயில் கொடை, வீட்டு விசேஷம் எல்லாவற்றையும் குறித்துவிடு, மிச்சமிருக்கிற இடத்தில் தொழிலை வை.

களக்காடு தம்பி: இரண்டு மாடு வாங்கி மூன்று வருஷம் ஆச்சு அக்கா, குடும்பத்தோடு ஒரு ராத்திரி வெளியூரில் தங்கியதில்லை. மாட்டை விற்றுவிடலாமா என்று வீட்டுக்காரி கேட்கிறாள்.

விற்க வேண்டாம் தம்பி, இரண்டு மாட்டுக்கும் சினை ஊசி போடுகிற மாதத்தை மாற்றிப் பாருங்கள். மாட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்த வேண்டும், அது மாட்டின் மடிக்கும் நல்லது, வயிற்றுக் கன்றுக்கும் நல்லது. செப்டம்பர் 8 வாக்கில் ஊசி போட்டுச் சினை பிடித்தால் ஜூன் 15ஐ ஒட்டிக் கன்று போடும். அப்படியென்றால் ஏப்ரல் நடுவிலிருந்து கறவை கிடையாது, பிள்ளைகளுக்கும் லீவு. தண்ணி காட்டி வைக்கோல் போட ஒரு ஆள் இருந்தால் போதும், மே முதல் வாரத்துக்குள் நீங்கள் நிம்மதியாகப் போய்விட்டு வரலாம். கன்று போடுகிற நேரம் நெருங்கிவிட்டால் மட்டும் வீட்டில் இருங்கள்.

இரண்டு மாதம் பால் காசு வராதே என்றால், எங்களுக்கு அந்த இடத்தில்தான் வத்தல் கைகொடுக்கிறது. மாடு நாம் குறித்த தேதியில் பருவத்துக்கு வராது, ஆனால் 21 நாளைக்கு ஒருமுறை வரும், அதனால் ஆகஸ்ட் கடைசியிலிருந்தே கவனிக்க ஆரம்பியுங்கள். பருவத்துக்கு வந்த மாடு கத்தும். காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. ஜூனில் கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்து நாற்றங்கால் வேலையும் சேர்ந்து வரும். எங்கள் வீட்டில் அதை அவர் பார்ப்பார், நான் தொழுவை விட்டு நகரமாட்டேன்.

பத்தமடை மைனி: மழைக்காலத்தில் வத்தலுக்கு என்ன செய்வாய்?

ஐப்பசி, கார்த்திகையில் போடவே மாட்டேன் மைனி. அரைகுறையாகக் காய்ந்தது பூசணம் பிடிக்கும், பேரும் கெட்டுப்போகும். சித்திரை வெயிலில் காய்ந்ததை டின்னில் அடைத்து வைத்து அப்போது விற்பேன். அப்புறம் கூழில் உப்பைக் குறைத்தே போடுங்கள், காயும்போது உப்பு தூக்கும்.

கடையம் தங்கச்சி: வீட்டில் செய்து விற்பதற்கும் பதிவு வேண்டுமா?

வேண்டும், எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு. பாக்கெட்டில் அந்த எண்ணும் தயாரித்த தேதியும் எடையும் இருக்கட்டும்.

வள்ளியூர் தங்கச்சி: அத்தைதான் பாதி வேலை செய்கிறார்கள். காசு கொடுத்தால் கோபப்படுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

கொடு. எங்கள் அத்தையும் முதலில் "நான் என்ன கூலிக்காரியா?" என்றுதான் கேட்டார்கள், இரண்டு நாள் பேசவும் இல்லை. கூலி என்று நான் சொன்னது தப்பு. அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் விற்ற கணக்கை அவர்கள் முன்னாலேயே எழுதி, அரிசி, மிளகாய், கேஸ் செலவெல்லாம் கழித்து, மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கை "இது உங்க பங்கு அத்தை" என்று பூஜை அலமாரியில் வைத்துவிடுவேன். இப்போது சனிக்கிழமை நான் நோட்டை எடுக்க மறந்தால் அவர்களே எடுத்து வந்து வைக்கிறார்கள்.